உள்பக்கம் வெளுத்த நீலம்

கழுத்தை முதலில் திருப்பிப் பார்ப்பேன்.
துணி, தையல், பொத்தான் எல்லாம் பிறகு.
காரைக்காலில் இந்தத் தொழில் எனக்கு மட்டும்தான்.
பென்ஷன் வீடுகளில் அலமாரி ஒழிக்கும்போது கூப்பிடுவார்கள்.
லியோனில் ஒருத்தி வாங்குகிறாள்.
வருஷம் சொன்னால் ஒரு விலை,
வருஷத்தை நிரூபித்தால் வேறு விலை.

பெர்னதெத் அக்கா கொண்டுவந்தது
இடுப்பு சுருக்கிய நீலக் கவுன்.
பூச்சி உருண்டை வாசம் கடை முழுக்க.
"அப்பா அம்பத்தேழுல பாரீஸ்லேர்ந்து கொண்டாந்தது.
ஜூலை பதினாலு, கொடியேத்துற அன்னிக்கு மட்டும்
அம்மா போடும்.
மறுநாளே துவச்சுரும்."

லேபிள் இருந்தது. நெய்த லேபிள், பொன் எழுத்து,
மேசோன் வெர்னூய், தெரு பெயர்,
அதன் கீழே
75009 பாரீஸ்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்து எண்ணில் அஞ்சல் குறியீடு
எழுபத்திரண்டில்தான் அங்கே வந்தது.
அக்காவின் அப்பா செத்தது அறுபத்தொன்பது.
மின்விசிறி ஒரு சுற்று சுற்றி
நின்று, மறுபடி சுற்றியது.
கரண்ட் காரைக்கால் கரண்ட்.

ஆனால் கவுன் எழுபதுகளில் தைத்ததும் இல்லை.
இடப்பக்க ஜிப் உலோகம், பல் கறுத்தது.
தையலுக்குள்ளே இரண்டு விரல் துணி விட்டிருந்தது.
கடையில் தொங்கும் பாரீஸ் உடுப்புக்கு
அவ்வளவு தாராளம் கிடையாது.
பிள்ளை பெற்றால் பிரித்துக்கொள்ளட்டும் என்று
நம்ம ஊர் டெய்லர்தான் விடுவார்.

லென்ஸை எடுத்தேன்.
கவுனுக்குப் பருத்தி நூல்.
லேபிளுக்கு மட்டும் பாலியெஸ்டர்,
நாலு மூலையிலும் கையால் போட்ட முடிச்சு.
ஓர் ஓரத்தை மெல்லத் தூக்கினேன்.
அடியில் மை போல நீலம்.
வேறு லேபிள் இருந்த ஊசித்துளை ஒன்றுகூட இல்லை.
சுற்றிலும், உள்பக்கம் முழுக்க,
வானம் மாதிரி வெளுத்திருந்தது.

வெளிப்பக்கம் வெளுக்கவில்லை.
எனக்குப் புரியாதது இதுதான்.
வெயில் எப்படி உள்ளே போனது?

"திருப்பித்தான் காயப்போடும்," என்றார் அக்கா.
"சாயம் போயிருமாம். மொட்டை மாடியில,
கெழக்கு ஓரக் கொடியில. மூணு நாள் கெடக்கும்.
எடுக்க விடாது."
கிழக்கே யார் வீடு?
"சுசான் மாமி வீடு. அவங்க மக
பாரீஸ்ல இருந்துச்சு. வருஷா வருஷம் பார்சல்..."
அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

ஒருவர் உடுத்தும்போது
லேபிள் முதுகுக்கு மட்டும்தான் தெரியும்.
கொடியில் தொங்கும்போது
அடுத்த மாடிக்கே தெரியும்.

மடித்துத் தைத்த விளிம்பைப் பிரிக்கட்டுமா என்றேன்.
தலையாட்டினார்.
அரை அங்குலம் உள்ளே மடங்கியிருந்தது,
அதில் அளவு.
பெரியவர்களுக்கு முப்பத்தெட்டு, நாற்பது என்றிருக்கும்.
இதில் 8 என்று மட்டும்,
பக்கத்தில் பிரெஞ்சில் 'வயது'.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார்.
"நான் மூணாவது படிக்கயில
சித்தி ஒரு கவுன் அனுப்புச்சு. மஞ்சள்.
பிடரியில உறுத்தும். வகுப்புல சொறிஞ்சுக்கிட்டே இருப்பேன்,
ஸேர் தெரேஸ் ஸ்கேலால தட்டும்.
அப்புறம் ஒரு நாள்
உறுத்தல."

லியோன்காரிக்கு எழுத வேண்டியதில்
மூன்று கட்டம் உண்டு:
நிறுவனம், ஊர், ஆண்டு.
நீலம் என்று மட்டும் எழுதிவிட்டு
பேனாவை மூடினேன்.

வெளியே அரசலாற்றுப் பக்கமிருந்து
உப்புக் காற்று.
அக்கா பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
அவர் கை பிடரிக்குப் போயிருந்தது,
இல்லாத ஒன்றைத் தடவிக்கொண்டு.